சதுர அடிக் கணக்கில் பெட்ரூம் புதுப்பிக்கும் பேக்கேஜ்: பழைய மெத்தை வீட்டுக்குச் சரிவருமா?

வேலூர் பக்கம் பெட்ரூம் புதுப்பிக்கிற வேலையை இப்போது பேக்கேஜாகத்தான் விற்கிறார்கள். தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸ், சுவருக்கு இரண்டு கோட் புட்டி, பிரைமர், எமல்ஷன், மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், புது வயரிங், ஏசி பாயின்ட், ஒரு வார்ட்ரோப். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர அடிக்கு ஒரு ரேட். மூன்று நான்கு வாரத்தில் அறையை ஒப்படைப்பதாகப் பேச்சு. லெட்டர்ஹெட் மாறினாலும் கொட்டேஷனின் உள்வரிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் எந்தக் கம்பெனியின் பெயரும் இங்கே வராது. இந்த மாதிரி சேவை எந்த வீட்டுக்குச் சரிவரும், எந்த வீட்டில் பாதியில் நிற்கும் என்று மட்டும் பார்க்கலாம்.

சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர் பக்கம் கான்கிரீட் தளம் போட்ட வீடு என்றால் தாராளமாக எடுக்கலாம். ஐந்துக்கு நான்கு மார்க். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, சலவன்பேட்டையின் பழைய தெருக்கள், ஆற்காடு, வாலாஜாப்பேட்டை, ஆரணி, குடியாத்தம் பக்கத்து மெத்தை வீடுகள், அதாவது மரக் கட்டை போட்டு அதன் மேல் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு தளம் அமைத்த பழைய வீடுகள் என்றால் ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் பெயிண்டிங் ஆட்களின் கைநேர்த்திக்கு.

பேக்கேஜ் அளப்பது தரையை. பழைய வீட்டில் பணம் போகிற இடம் சுவரும் கூரையும் வயரும். 12க்கு 12 அறைக்குத் தரை 144 சதுர அடிதான். ஆனால் 11 அடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 528 சதுர அடி வருகிறது. அந்த 528-இல் எவ்வளவு பூச்சு பெயர்க்க வேண்டியிருக்கும் என்று பெயர்த்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கொட்டேஷனின் கடைசியில் சின்ன எழுத்தில் ‘சிவில் ரிப்பேர் இருந்தால் தனி’ என்று ஒரு வரி இருக்கும். பழைய வீட்டில் மொத்தச் செலவும் அந்த வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

கூரை

மெத்தை வீட்டுக் கூரைக்கு மெட்ராஸ் டெர்ரஸ் என்று பெயர். அதில் சுவருக்குச் சுவர் தேக்கு அல்லது நாட்டுமரக் கட்டைகள், ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்று. அவற்றின் மேல் அச்சுக்கல் எனும் மெல்லிய செங்கலை மூலைவாட்டில், விளிம்பு கீழே நிற்கும்படி சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் சுமார் மூன்று இன்ச் சுண்ணாம்பு ஜல்லி, அடித்து இறுக்கியது. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு எனும் தட்டையான சுட்ட மண் ஓடு. 12 அடி அறைக்கு ஏழு கட்டை, அதாவது சுவருக்குள் புதைந்த முனைகள் பதினான்கு.

கட்டையின் நடுப்பகுதி காற்றுப் பட்டுக்கொண்டே இருப்பதால் எளிதில் கெடாது. கெடுவது சுவருக்குள் இருக்கும் ஆறு முதல் ஒன்பது இன்ச். மாடியில் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் விட்டாலோ, மழைத்தண்ணீர் போகும் தூம்பு அடைத்தாலோ, தண்ணீர் நேராக அந்த முனையில்தான் இறங்கும். ஈரமான மரத்துக்குக் கரையான் தானாக வந்துவிடும். அளவெடுக்க வருகிற பையன் கீழே நின்று போனில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ‘சீலிங் ஓகே’ என்று எழுதுவான். எனாமல் பூசிய கட்டை வெளியிலிருந்து பார்க்க எப்போதும் ஓகேதான்.

சரியான சோதனைக்கு ஆசாரி ஒருவரும் அரை நாளும் போதும். ஏணி போட்டு, ஒவ்வொரு கட்டையையும் சுவரை ஒட்டினாற்போல் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று கேட்கும். உளுத்த மரம் பொத்தென்று அடங்கும். சந்தேகமான முனையில் 6 மில்லிமீட்டர் பிட் போட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து சுவரை நோக்கிச் சாய்வாகத் துளைத்துப் பார்க்கலாம். மரத்தூள் காய்ந்த சுருளாக வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. ஈர மாவாகவோ மண்ணோடு கலந்தோ வந்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. பதினான்கையும் பார்க்க வேண்டும். இரண்டைப் பார்த்துவிட்டு மற்றதை ஊகிப்பதில் பயனில்லை, ஏனென்றால் தூம்புப் பக்கம் ஒரு மாதிரி, எதிர்ப்பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

முனை கெட்டிருந்தால் கட்டை முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஸ்டீல் ஜாக்கியோ சவுக்குக் கம்போ முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக்கு அடியில் கனமான பலகை அவசியம்; இல்லாவிட்டால் பழைய தரையைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். உளுத்த பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, கட்டையின் இரண்டு பக்கமும் ஸ்டீல் சேனல் வைத்து 12 மில்லிமீட்டர் போல்ட்டால் இறுக்குவது வழக்கம். நல்ல மரத்தை அந்தச் சேனல் குறைந்தது மூன்றடியாவது பிடித்திருக்க வேண்டும். மறுமுனை சுவருக்குள் கருங்கல் துண்டின் மேல் உட்கார வேண்டும். வெறும் செங்கல் மேல் உட்கார்ந்தால் செங்கல் நொறுங்கும். அடுத்தடுத்து மூன்று நான்கு முனை போயிருந்தால் சுவரோரமாக ஓர் ஐ-பீம் கொடுத்து எல்லாக் கட்டையையும் தாங்குவது நல்லது. பீமின் அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்ல வேண்டும். வெல்டிங் கடைக்காரர் சொல்லக் கூடாது. முனையைச் சுற்றி அரை இன்ச் காற்றிடைவெளி விடுங்கள். கொத்தனார் ‘நீட்டாக’ சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் அடுத்த மழையில் அதே கதை.

இந்தக் கூரையில்தான் பேக்கேஜ் ஃபால்ஸ் சீலிங் தொங்கப் போகிறது. 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டும் ஃபிரேமும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோ. 144 சதுர அடி என்றால் ஏறக்குறைய 150 கிலோ. எடை பெரிய விஷயம் இல்லை. அதை எதில் மாட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். கான்கிரீட் தளத்துக்குப் பழகிய கை அச்சுக்கல்லில் ஆங்கர் அடிக்கும். அச்சுக்கல் ஒரு இன்ச் கனம்தான், சுண்ணாம்புப் பிடியில் நிற்பது. துளைத்த இடத்தில் அரைவாசி உதிரும், மீதி அரைவாசி ஆறு மாதம் கழித்து உதிரும். தொங்கும் கம்பிகள் கட்டையின் பக்கவாட்டில் மர ஸ்க்ரூவால் மட்டுமே மாட்டப்பட வேண்டும், கொக்கி போட்டு அடிப்பக்கத்தில் அல்ல. உள்ளே பார்க்க இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஒரு திறப்பும் விட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குப் பின்னால் கரையான் ஏறினாலும் மழை ஒழுகினாலும், போர்டில் கறை தெரிகிற நாள் வரை யாருக்கும் தெரியாது. எங்களைக் கேட்டால் பழைய கட்டைக்கு எண்ணெய் தேய்த்து வெளியே தெரியவிடுவதே மேல். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை, கண்காணிக்கவும் அதுதான் வசதி.

மேல்தளத்துக்கு ‘வாட்டர்ப்ரூஃபிங் ஃப்ரீ’ என்று சிலர் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஃப்ரீயாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது இது. தட்டோட்டின் மேல் ஒரு இன்ச் சிமெண்ட் கலவை போட்டால் 144 சதுர அடிக்கு 12 கன அடி, எடையில் சுமார் 700 கிலோ. நூறாண்டு பழகிய கட்டைக்கு அது புதுச் சுமை. தவிர, சுண்ணாம்புத் தளம் வெயிலில் விரிந்து சுருங்குகிற அளவும் சிமெண்ட்டின் அளவும் ஒன்றல்ல. முதல் கத்திரி வெயிலிலேயே மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விடும், மழையில் அதன் வழியே போன தண்ணீர் திரும்ப ஆவியாக வழியில்லாமல் கட்டையில் தங்கும். தட்டோட்டு இணைப்புகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கலந்த சாந்தால் மறுபடி அடைப்பதும், தூம்பைச் சுத்தம் செய்வதும், வெயிலுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும்தான் அந்தத் தளத்துக்கு ஏற்ற வைத்தியம்.

சுவர்

அதிகத் தகராறு வருகிற இடம் இது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவரில் முப்பது நாற்பது அடுக்குச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அதன் மேல் நேராகப் புட்டி இழுத்தால் புட்டி ஒட்டுவது சுண்ணாம்பு அடுக்கின் மேல். அந்த அடுக்கு ஒட்டியிருப்பதோ வெறும் தூசியில். காய்ந்து இழுக்கும்போது எல்லாம் சேர்ந்து தகடு தகடாக வந்துவிடும். ‘புட்டி மட்டம்’ என்று குற்றம் சொல்லிப் பிராண்டை மாற்றுவார்கள். புட்டியில் குறை இல்லை. வெள்ளைச் சிமெண்ட் புட்டி, சிமெண்ட் பூச்சின் மேல் இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குள் போடச் செய்த பொருள். பழைய சுவரின் மேடு பள்ளம் பத்து பதினைந்து மில்லிமீட்டர் இருக்கும். அதைப் புட்டியாலேயே நிரப்பினால் வெடிக்கத்தான் செய்யும்.

அடுத்தது ஓதம். அந்தக் கால அஸ்திவாரம் பெரும்பாலும் கருங்கல்லும் மண் சாந்தும். நடுவில் டிபிசி என்கிற ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக இரண்டு மூன்றடி உயரம் வரை ஏறும். உப்பையும் ஏற்றிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பூச்சைப் பொரியவைக்கும். பேக்கேஜ் கொட்டேஷன்கள் கோடையில்தான் அதிகம் போடப்படுகின்றன, அப்போதுதான் ஆட்களும் கிடைப்பார்கள். கத்திரியில் தட்டிப் பார்த்தால் எலும்பாகக் காய்ந்திருக்கிற சுவர் ஐப்பசி, கார்த்திகையில் வேறு சுவராக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஓரடிச் சதுர பாலிதீன் ஷீட்டை, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

ஒட்டு வீடுகளில் இன்னொன்றும் உண்டு. பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கலாம். அப்படியானால் இந்தப் பக்கம் எதைப் பூசினாலும் வீண். அண்டை வீட்டாரோடு பேசித்தான் தீர்க்க வேண்டும், பேசுவதற்கு எந்தப் பேக்கேஜிலும் வரி கிடையாது. அதே பொதுச்சுவரில் இரண்டு வீட்டுக் கட்டைகளும் உட்கார்ந்திருக்கும் என்பதால் வயருக்காக ஆழமாகக் காடி (பள்ளக் கோடு) வெட்டுவதற்கு முன்பும் அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஓதத்துக்குப் பேக்கேஜ்காரர் சொல்லும் பரிகாரம் இரண்டு. ஒன்று, கீழ் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பது. ஒட்டினால் ஈரம் நிற்காது, டைல்ஸைத் தாண்டி நாலரை அடி, ஐந்தடிக்கு ஏறும். கட்டில் தலைமாட்டில் கறை தெரியும். இரண்டாவது, எப்பாக்ஸி அல்லது டேம்ப்-ப்ரூஃப் கோட்டிங். கான்கிரீட் வீட்டு வெளிச்சுவருக்கு நல்ல பொருள், சந்தேகமில்லை. மண் சாந்துச் சுவரின் உள்பக்கம் அடித்தால் சுவரின் மூச்சை அடைக்கிறது. கோட்டிங் தோலாகக் கழன்று வரும்போது செங்கல்லின் மேல்பொறையும் கூட வரும். துளையிட்டு மருந்து ஏற்றும் முறை ஓரளவு பலன் தரும். ஆனால் மண் சாந்தில் திரவ மருந்து கண்ட வழியில் ஓடிவிடுவதால் கிரீம் வகையைத்தான் கேட்க வேண்டும்.

கீழ் நாலடிப் பூச்சை முழுவதும் பெயர்த்து, சுண்ணாம்பிலேயே மறுபூச்சு செய்வதுதான் நிற்கிற வேலை. செங்கல் இணைப்புகளை அரை இன்ச் ஆழத்துக்குச் சுரண்டி, உப்புத் தூளை ஈரம் படாமல் உலர் பிரஷ்ஷால் தட்டி வாரி வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பூசுவதற்கு முன் மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளலாம். கலவை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். அந்த மணலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சுர்க்கி. ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர். முதல் கோட் இறுகிய பின்தான் இரண்டாவது. 12க்கு 12 அறையில் வாசலைக் கழித்தால் கீழ் நாலடி 180 சதுர அடி சொச்சம். 20 மில்லிமீட்டர் கனத்துக்குப் பள்ளம் நிரப்புவதையும் சேர்த்து 15 கன அடி மணல்-சுர்க்கியும் 5 கன அடி சுண்ணாம்பும் எடுத்து வைத்தால் போதும். சுண்ணாம்பை ஒரு வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டுக் களியாக எடுக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். ஜவ்வாது மலைக் கடுக்காய் தோல் பதனிடவும் போனது, சுவருக்கும் போனது. சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் சேருங்கள், கிடைக்காவிட்டால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம். சுண்ணாம்புக் கலவையே கை வராத கொத்தனார் என்றால் சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது என்ற மெலிந்த கலவை நடுவழி. வெறும் 1:4 சிமெண்ட் பூச்சு மட்டும் வேண்டாம்.

இங்கேதான் பேக்கேஜின் நாள்கணக்கு உடைகிறது. சுண்ணாம்புப் பூச்சு காய மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 20 மில்லிமீட்டர் என்றால் மூன்று வாரம், மழைக்காலமானால் இன்னும் அதிகம். நான்கு வாரத்தில் ஒப்படைக்கிறேன் என்பவர் பச்சைச் சுவரின் மேல்தான் பெயிண்ட் அடிப்பார். காய்ந்த பிறகும் கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பு அல்லது மூச்சுவிடும் மினரல் பெயிண்ட்தான். பளபளப்பு எமல்ஷன் மேலே நாலடிக்குப் பிறகு இருந்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீரையும் மணலையும் பற்றி ஒரு வார்த்தை. பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் கலவை போட்டுவிட்டு, பிறகு உப்பு பூக்கிறது என்று சுவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஓர் அறைக்கு வேண்டிய தண்ணீர் சில டிரம்தான். காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மணல் பூச்சுக்கான பி-சாண்ட்டாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் (கல்லை அரைத்துச் செய்யும் மணல்) என்று சொல்லிக் கிரஷர் டஸ்ட் எனும் கல்தூளை இறக்குவதும் நடக்கிறது. கைப்பிடி எடுத்துத் தேய்த்தால் உள்ளங்கை சாம்பல் மாவாகிவிட்டால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

தரை

கடப்பாக்கல்லோ சிவப்பு ஆக்சைடு தரையோ தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம் வருகிறதென்றால், அதைப் பெயர்க்காமல் பாலிஷ் போடுவது உத்தமம். டைல்ஸ்தான் வேண்டும் என்றால் பழைய தரையின் மேலேயே அட்ஹெசிவ் போட்டு ஒட்டலாம். உயரம் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல்தான் ஏறும். கலவை போட்டுப் பதித்தால் இரண்டு இன்ச்சுக்கு மேல் ஏறி, ஏற்கெனவே குட்டையான பழைய வாசக்காலில் தலை இடிக்கும், கதவும் அடியில் அறுபடும். கொட்டேஷனில் ‘டைல்ஸ் லேயிங்’ என்று மட்டும் இருக்கும், எந்த முறை என்று இருக்காது.

பொக்குப் பொக்கென்று கேட்டால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். அடியில் எலி வளையும் கரையான் புற்றும் இருக்கும், மண் இறங்கியிருக்கும். ஆறு இன்ச் அடுக்காகக் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்ஸுக் கட்டையால் இடித்து இறுக்கிய பின் மூன்று இன்ச் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். 144 சதுர அடிக்கு 36 கன அடி, சிமெண்ட் மூன்றரை மூட்டை. தரை திறந்திருக்கும்போதே கரையான் மருந்து அடித்துவிட வேண்டும். தரையைப் பெயர்க்காத அறையில் சுவரோரமாக ஓரடிக்கு ஒரு 12 மில்லிமீட்டர் துளை, துளைக்கு ஒரு லிட்டர் கரைசல். சுற்றளவு 48 அடி என்றால் 48 லிட்டர். இமிடாக்ளோபிரிட் 30.5 சதவீத மருந்தானால் லிட்டருக்கு 2.1 மில்லி, ஆக மொத்தம் 100 மில்லிதான் செலவு. ‘கரையான் ட்ரீட்மென்ட் முடிந்தது’ என்பவரிடம் எத்தனை லிட்டர் இறங்கியது என்று கேளுங்கள். இரண்டு பக்கெட்டில் முடிந்துவிட்டதென்றால் தெளித்திருக்கிறார்கள், ஏற்றவில்லை.

வயரிங், ஏசி

மரப் பட்டையின் மேல் வயர் ஓட்டிய பழைய பேட்டன் வயரிங்கில் பெரும்பாலும் எர்த் வயரே இருக்காது. பேக்கேஜில் ‘ரீவயரிங்’ என்பது அந்த அறைக்கு மட்டும். அறையில் புது வயர், மெயின் போர்டு வரை பழைய வயர் என்றால் ஏசிக்கு அது போதாது. ஒன்றரை டன் ஸ்பிளிட்டுக்கு மெயினிலிருந்தே தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், 20 ஆம்ப் சி-கர்வ் எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), எர்த் வயர். எர்த் பைப் எங்கே இருக்கிறது என்று தெரியாத வீடுகளே அதிகம். பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்து வேலை செய்யாமல் கிடக்கும். ஈபி கார்டில் சாங்ஷன் லோடு எவ்வளவு என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. பாதுகாப்புக்கு அந்த அறை லைனுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி, போட்டவுடன் அது ட்ரிப் ஆக ஆரம்பிக்கும். பழைய வயரிங்கில் ஓர் அறையின் நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பும் வயரை, பக்கத்து அறை விளக்குக்குக் கடன் வாங்கியிருப்பார்கள். போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பி வந்தால் ஆர்சிசிபி அதை லீக்கேஜ் என்றுதான் எண்ணும். கருவியைக் கழற்றி எறிவது தீர்வல்ல. நியூட்ரல்களைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி தனி என்று முன்பே பேசிக்கொள்ளலாம்.

மண் சாந்துச் சுவரில் குறுக்காக நீளக் காடி வெட்டக் கூடாது. சுவர் கனத்தில் குறுக்குக்கு ஆறில் ஒரு பங்கு, நெடுக்குக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது வரம்பு. உதிரும் சுவரில் அந்த அளவுக்குப் போவதற்கும் தைரியம் வேண்டாம். மேலே கட்டையோரமாகக் கேசிங்-கேப்பிங் (வயரை உள்ளே வைத்து மூடும் பட்டை) ஓட்டி, சுவிட்ச் இருக்கும் இடத்தில் மட்டும் நேராக இறக்கினால் சுவர் பிழைக்கும். ஏசி குழாய்க்கு உளியால் உடைக்காமல் கோர் கட்டரில் இரண்டரை இன்ச் துளை, வெளிப்பக்கம் சாய்வாக, உள்ளே பிவிசி குழாய் செருகி. வெளி யூனிட்டை ஆங்கர் போல்ட்டில் மாட்டினால் கம்ப்ரஸர் அதிர்வில் செங்கல்லோடு வரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்த போல்ட், இல்லாவிட்டால் மாடியில் சுவருக்கு நேர் மேலே ஸ்டாண்ட்; தளத்தின் நடுவில் வைக்காதீர்கள்.

மற்றவை

வார்ட்ரோப்பில் பேக்கேஜ்காரர்கள் நேர்த்தி. ஆனால் தொழிற்சாலையில் அறுத்து வரும் பெட்டி நேர்கோணத்தை நம்புகிறது. பழைய சுவர் மேலிருந்து கீழே ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் சாய்ந்திருக்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் ஆர்டர் கொடுத்தால் பக்கவாட்டில் பல்லி குடும்பம் நடத்தும் சந்து மிஞ்சும். பின்பலகைக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், தண்ணீர் தாங்கும் பிடபிள்யூபி பிளைவுட். சுவரிலிருந்து ஒரு இன்ச் தள்ளி, நாலு இன்ச் கால் மேல். சுவரிலேயே இருக்கும் பழைய மரக் கதவு அலமாரியை இடித்துவிட்டுப் புதுசு வைக்கச் சொல்வார்கள். அந்த அலமாரிக்கு மேல் சுவரின் சுமையைத் தாங்கும் லிண்டல் என்ன என்று பார்க்காமல் கை வைக்கவிடக் கூடாது. ஜன்னலைப் பெரிதாக்கி யுபிவிசி போடுவதற்கும் இதே பதில். அட்டாச்டு பாத்ரூம் பேச்சை, அதுவும் மாடியில், எடுத்தாலே மறுத்துவிடுங்கள்.

இடிபாடு கணக்கு யாரும் போடுவதில்லை. நாலு சுவரிலும் ஒரு இன்ச் பூச்சும், தரையில் நாலு இன்ச்சும் பெயர்த்தால் எடை நான்கு டன் வரும். கொசப்பேட்டைச் சந்துகளில் டிப்பர் நுழையாது. குட்டி யானை எனும் மினி லாரியில் ஐந்தாறு நடை. ‘டெப்ரி ரிமூவல்’ என்ற வரி ஒரு நடைக்கா, மொத்தத்துக்கா என்று எழுதி வாங்க வேண்டும்.

லாங் பஜார், ஆபீசர்ஸ் லைன் பக்கம் கோட்டைக்கு அருகில் வீடு இருப்பவர்களுக்குத் தொல்லியல் துறைச் சட்டமும் சேரும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி பழுதுபார்ப்புக்கும் அனுமதி வாங்க வேண்டும். ‘உள்வேலைதானே சார்’ என்று காண்ட்ராக்டர் சொல்வது நோட்டீஸ் வந்தால் கைகொடுக்காது.

பேக்கேஜ்காரரிடமே வேலையைக் கொடுக்க நினைத்தால்

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நாள் திறப்பு வேலைக்குத் தனியாகக் கூலி கொடுத்துவிடுங்கள். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், அரை நாள் ஆசாரி, ஒரு எலெக்ட்ரீஷியன். கட்டை முனைகள் பதினான்கையும் பார்ப்பது, ஒவ்வொரு சுவரிலும் கீழே ஓரடிச் சதுரம் பூச்சைப் பெயர்ப்பது, தரையில் ஒரு மூலைக் கல்லைத் தூக்குவது, மெயின் போர்டைத் திறப்பது. இந்தத் திறப்புக்கு மறுக்கிறவர் மறுக்கட்டும், வேறு ஆள் பார்க்கலாம். அதன் பிறகு சதுர அடி ரேட்டை விட்டுவிட்டு வேலை வாரியாக ரேட் கேளுங்கள்: பூச்சு பெயர்த்துப் பூசச் சதுர அடிக்கு, கட்டை முனை ஒன்றுக்கு, காடி மீட்டருக்கு, இடிபாடு நடைக்கு. எவ்வளவு அளவு வந்தாலும் ரேட் மாறாது என்று எழுதி வாங்கினால் பாதி வாக்குவாதம் குறையும்.

ஃபால்ஸ் சீலிங், புட்டி, டைல்ஸ் மூன்றையும் நீக்கினால் பேக்கேஜில் என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். வார்ட்ரோப், மேல்சுவர் பெயிண்ட், ஏசி லைன் மிஞ்சும். அவற்றை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். பூச்சையும் கட்டையையும் சுண்ணாம்பு தெரிந்த மேஸ்திரியிடம் தினக்கூலிக்குக் கொடுத்து முதலில் முடித்து, காயவிட்டு, பிறகு இவர்களைக் கூப்பிட்டால் இருவருக்கும் சண்டை இல்லை. வாரன்டி என்று கொடுக்கும் காகிதத்தில் ‘ஓதம், விரிசல், கரையான் தவிர’ என்று இருந்தால் அந்த வரியை அடித்துத் தர அவர்கள் சம்மதிக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக மொத்தத்தில் பத்து சதவீதத்தைக் கார்த்திகை மழை முடியும் வரை நிறுத்திவைக்கச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் கையெழுத்துப் போடும்போது இதற்குத் தலையாட்டுகிறவர்கள் உண்டு.